அக்கா பதில்கள்: பத்து நிமிடம்கூடத் தாங்காத சாந்தம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "இத்தனை வருஷமாகக் கிறிஸ்தவளாக இருக்கிறேன், இன்னும் ஏன் இப்படியே இருக்கிறேன்?" எழுதியவர்கள் வேறு வேறு, ஏக்கம் ஒன்று. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை. வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. 34 வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். அடுத்தவருடைய பிழையைக் கண்டுபிடித்துக் காட்டிச் சம்பளம் வாங்கியவளின் குணம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, ஞானஸ்நானம் எடுத்து 19 வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணீரோடு பாடுகிறேன். வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். போன வாரம் பெரிய மகள், 'சர்ச்சில் பாடின அம்மாவே வீட்டுக்கும் வரக் கூடாதா?' என்று கேட்டுவிட்டாள். நான் மாய்மாலக்காரியா? ஆவியின் கனி என்னிடம் ஏன் இன்னும் காணோம்?" (இரண்டு பிள்ளைகளின் தாய்)

தங்கச்சி, உங்கள் மகள் கெட்டிக்காரி. அவள் உங்களைக் குத்திக்காட்டவில்லை. பாடின அம்மாவை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அந்த அம்மா வேண்டும் என்கிறாள். அப்படிக் கேட்கிற தைரியம் அவளுக்கு இருக்கிறதே, அந்த வீட்டில் ஏதோ ஒன்று நன்றாகத்தான் இருக்கிறது.

மாய்மாலக்காரி என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சுவிசேஷங்களில் 'மாயக்காரர்' என்று வருகிற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு நாடக நடிகன் என்று அர்த்தம். நடிகனுக்கு, மேடையில் தான் நடிப்பது தெரியும். இறங்கி வந்த பிறகு அதை நினைத்து அழமாட்டான். நீங்கள் அழுகிறீர்கள். உங்களுடையது நடிப்பு இல்லை. ஆனால் முதிராத காய்.

கனி பற்றிக் கேட்டீர்கள். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தை மறுபடி நிதானமாகப் படித்துப் பாருங்கள். புரூஃப் பார்த்த கண்ணுக்கு இரண்டு விஷயம் படும். 19-ஆம் வசனத்தில் 'மாம்சத்தின் கிரியைகள்' என்று பன்மை. 22-இல் 'ஆவியின் கனி' என்று ஒருமை. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று ஒன்பது பெயர் சொல்லியும் பவுல் ஒருமையை விடவில்லை. கடையில் பழம் பொறுக்குவதுபோல, "எனக்கு இந்த மாதம் சாந்தம் மட்டும் ஒன்று" என்று கேட்க முடியாது. சேர்ந்துதான் பழுக்கும். அப்புறம், கிரியை செய்வது, கனி காய்ப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மரமும் காய்த்ததில்லை.

இரண்டாவது விஷயம், அந்தப் பட்டியல் யாருக்கு எழுதப்பட்டது என்பது. அதே அதிகாரம் 15-ஆம் வசனத்தில் பவுல், ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தால் அழிந்துபோவீர்கள் என்று எச்சரிக்கிறார். அதாவது ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்த சபைகளுக்குத்தான் இந்தக் கனியைப் பற்றி எழுதினார். மாம்சத்தின் கிரியைகள் என்றவுடன் நமக்கு வெறியும் விபசாரமும்தான் ஞாபகத்துக்கு வரும். பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை என்று அதே வரிசையில் நடுவில் பெரிய கூட்டமாக நிற்பவற்றைத் தாண்டிப் போய்விடுவோம். நான் பல வருஷம் தாண்டிப் போனேன்.

சரி, அந்தப் பத்து நிமிடத்துக்கு வருவோம். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? காலையில் அவசரமாகக் கிளம்பியபோது போட்டது போட்டபடி விட்டுப்போன வேலை வாசலில் உங்களை வரவேற்கிறது. பசி. பிள்ளைகளுக்கும் பசி. காலணியை நடுவழியில் கழற்றிப் போடுகிறார்கள். இதில் பாதி ஆவிக்குரிய பிரச்சினை, மீதிப் பாதி நேரப் பிரச்சினை. 1 இராஜாக்கள் 19-இல், சாக வேண்டும் என்று எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கிடந்தபோது தேவன் உடனே பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தேவதூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்குப் பிறகு. நீங்களும் வந்தவுடன் பத்து நிமிடம் எல்லாரும் உட்காருங்கள். சனிக்கிழமை ராத்திரியே அரைவாசி வேலையை முடித்து வையுங்கள். இது ஜெபத்துக்குக் குறைந்த பதில் என்று நினைக்காதீர்கள்.

மீதிப் பாதிக்கு என் கதையைச் சொல்கிறேன். அச்சகத்தில் ஓர் இளைஞன் கம்போசிங் பகுதியில் இருந்தான். ஒரு புத்தகத்தில், அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே ஆசிரியர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய், அப்படியே அச்சாகிவிட்டது. எல்லாரும் பார்க்க அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பழைய கட்டைப் பிரித்து மூன்றாவது புரூஃபை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் கீழே 'சரி' என்று என் கையெழுத்து. பிழை என் கண்ணுக்கு முன்னால் கொட்டை எழுத்தில் இருந்திருக்கிறது.

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. "நானும் கவனிக்கவில்லைதான், ஆனால் நீயும் பார்த்திருக்கலாமே" என்று ஒரு வாக்கியத்தை மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், எல்லாரும் இருக்கும்போதே போய், "தப்பு என்னுடையது. உன்னைத் திட்டியது அநியாயம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த ஆபீஸில் நீங்க மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை" என்றான். அவன் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆறு வருஷத்தில் நான் எத்தனை பேரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அதிலிருந்து ஒரு பழக்கம். கோபம் வராமல் இருக்க வேண்டும் என்று ஜெபிப்பதை விட்டுவிடவில்லை. அதோடு, வந்துவிட்டால் எவ்வளவு சீக்கிரம் சரிசெய்கிறேன் என்று பார்க்க ஆரம்பித்தேன். எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்கும்வரைதான் தவணை தருகிறது. மன்னிப்புக் கேட்கும்போது செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "உன்னைச் சோம்பேறி என்று சொன்னேன், அது தப்பு." பின்னால் 'ஆனால்' வேண்டாம். 'ஆனால்' வந்தால் அந்த மன்னிப்பு இரண்டாம் சுற்றுத் திட்டு. பிள்ளைகளிடம் கேட்டால் மரியாதை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். தப்பு செய்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வேறு யாரிடம் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்?

"இரவுப்பணி பார்க்கும் செவிலி நான். தினம் ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்கிறார்கள். முழங்காலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். குற்றவுணர்வாக இருக்கிறது."

தூங்குங்கள். கெத்செமனேயில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் தூங்கினார்கள். ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்று ஆண்டவரே அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார். அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம் தாண்டாது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் இருப்பதுபோலவே தேவனோடு இருக்க முடிகிறது என்று சொன்னவர். உங்களுக்குப் படுக்கைக்குப் படுக்கை நடக்கிற நேரம் இருக்கிறது. அடுத்த நோயாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடங்கள். விடுமுறை நாளில், தூங்கி எழுந்த பிறகு, உட்கார்ந்து ஜெபிக்கலாம்.

"அக்கா, அப்பாவுக்காக எட்டு மாதம் குடும்பமாக உபவாசமிருந்து ஜெபித்தோம். சுகமாவார் என்று முழுமனதோடு நம்பினேன். இறந்துபோனார். சபையில் ஒருவர் 'விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும்' என்றார். இப்போது சர்ச்சுக்குப் போகிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை. விசுவாசம் வளர என்ன செய்ய வேண்டும்?" (கல்லூரி மாணவர்)

தம்பி, முதலில் அந்த மனிதரைப் பற்றி. அவர் சொன்னது தப்பு. துக்க வீட்டில் அப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சாந்தம் போய்விடுகிறது. யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

லாசரு இறந்தபோது மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். மரியாதையாகச் சொன்ன குற்றச்சாட்டுதான் அது. இயேசு அவர்களைக் கண்டிக்கவில்லை. கண்ணீர் விட்டார். பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சரீரத்தில் பட்ட உறுமால், கச்சைத் துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அதே பவுல் தன் கடைசிக் கடிதத்தில் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். ஒரு காரணமும் சொல்லவில்லை. தன் சரீரத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் எங்கே குறைந்தது என்று அந்தச் சகோதரரிடம் கேட்க வேண்டும்.

என் கணவர் இறந்தபோது எனக்கு 51 வயது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் என்னால் சொந்த வார்த்தையில் ஜெபிக்க முடியவில்லை. 13-ஆம் சங்கீதத்தை மட்டும் சத்தமாக வாசிப்பேன். ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் வரும். சில நாள் அந்த நான்காவது 'எதுவரைக்கும்'-ஐத் தாண்டிப் போகமாட்டேன். கடைசியில் வருகிற நம்பிக்கையை வாசிக்கப் பிடிக்காது. 88-ஆம் சங்கீதம் இன்னும் பொருத்தமாக இருந்தது. அது இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரியே கிடையாது. இதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே என்பதே எனக்கு அப்போது ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருவேன். பாட மாட்டேன். சுற்றி இருப்பவர்கள் பாடுவார்கள். எனக்கும் சேர்த்து அவர்கள் நம்பட்டும் என்று விட்டிருந்தேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்னை தெரேசா 1997-இல் காலமானார். அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது பலர் அதிர்ந்துபோனார்கள். ஏறத்தாழ ஐம்பது வருஷம், நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே அவர் வேலை செய்திருக்கிறார். உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உணர்வு இல்லாததை விசுவாசம் இல்லாததாகக் கணக்கெழுதாதீர்கள் என்கிறேன்.

வளர என்ன செய்வது என்ற கேள்வி சீஷர்களும் கேட்டதுதான். லூக்கா 17:5-இல் "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்கிறார்கள். எதற்கு அடுத்தபடியாக அது வருகிறது என்று பாருங்கள். சகோதரன் ஒரே நாளில் ஏழு தரம் குற்றம் செய்து ஏழு தரம் மனஸ்தாபப்பட்டு வந்தால் மன்னிக்க வேண்டும் என்று முந்தின வசனத்தில் இயேசு சொல்லியிருக்கிறார். பேயைத் துரத்தவோ மலையைப் பெயர்க்கவோ அவர்கள் விசுவாசம் கேட்கவில்லை. கூட இருக்கிறவனைச் சகிக்கக் கேட்டார்கள்! அவரோ அளவைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லாமல் கடுகளவு போதும் என்றுவிட்டார். உங்களிடம் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள், ஆனால் வாராவாரம் எழுந்து போகிறீர்கள். மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறினான். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். அவன் பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது, உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை தம்பி. விளக்கம் வைத்திருப்பவர்களிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளியே இருங்கள்.

"கணக்கர் வேலை. பில்களில் பழைய தேதி போடச் சொல்கிறார் முதலாளி. 'எல்லா இடத்திலும் நடப்பதுதானே' என்கிறார். மறுத்தால் வேலை போகும். இரண்டு பிள்ளைகள். தேவன் என் நிலைமையைப் புரிந்துகொள்ள மாட்டாரா?"

புரிந்துகொள்வார். அதற்காகத் தேதி சரியாகிவிடாது. போடாதீர்கள். மாட்டினால் கையெழுத்து உங்களுடையது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முதலாளி உங்களுக்குப் பக்கத்தில் நிற்கமாட்டார்.

எப்படி மறுப்பது என்பதில்தான் உங்கள் குணத்துக்கு வேலை. தானியேல் 1-ஆம் அதிகாரத்தில், ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக் கூடாது என்று தானியேல் முதலில் தன் இருதயத்தில் நிர்ணயம் செய்கிறான். பிறகு கோஷம் போடவில்லை. அதிகாரியிடம் போய் வேண்டிக்கொள்கிறான். அந்த அதிகாரிக்குத் தன் தலை போய்விடுமோ என்ற பயம் என்று தெரிந்ததும், "பத்து நாள் சோதித்துப் பாருங்கள்" என்று மாற்று வழி ஒன்றை முன்வைக்கிறான். நீங்களும் தனியாகப் போய்ப் பேசுங்கள். "இந்தத் தேதியில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. சரியான தேதியில் எவ்வளவு நஷ்டம், அதை முறைப்படி எப்படிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வேதவசனத்தை அவர் முகத்தில் எறியாதீர்கள். இன்று ராத்திரியே மனைவியிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். நாளைக்கே வேறு வேலை தேட ஆரம்பியுங்கள்.

தானியேலுக்கு நல்லபடி முடிந்தது. அதே புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில், ராஜாவின் சிலையை வணங்காவிட்டால் நெருப்பில் போடுவோம் என்று மிரட்டப்பட்ட மூன்று பேர், எங்கள் தேவன் தப்புவிப்பார், விடுவிக்காமற்போனாலும் வணங்கமாட்டோம் என்கிறார்கள். 'விடுவிக்காமற்போனாலும்' என்பதை நான் சுலபமாக எழுதிவிடலாம். மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வேண்டியது நீங்கள். அதனால் இதைப் படிக்கிற சபையாருக்கு ஒரு வார்த்தை: நேர்மையால் வேலை இழந்தவருக்கு ஜெபக்குறிப்பு எழுதுவதோடு நிறுத்தாதீர்கள், அடுத்த வேலை வரும்வரை வாடகையைக் கொடுங்கள்.

"சொத்துப் பிரிக்கும்போது அண்ணன் என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார். மன்னித்துவிடு என்கிறார் போதகர். மன்னித்தேன். இப்போது அண்ணன் புதுத் தொழிலுக்குக் கூட்டுச் சேரக் கூப்பிடுகிறார். போகாவிட்டால் மன்னிக்கவில்லை என்று ஆகுமா?"

ஆகாது. போகாதீர்கள்.

யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறான். என் வருத்தத்தையும் என் தகப்பனுடைய வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று அர்த்தம் சொல்கிறான். இது ஆதியாகமம் 41. சகோதரர்கள் தானியம் வாங்க வருவது 42-இல். ஆக, அவர்கள் வருவதற்கு முன்பே அவனுடைய உள்ளம் ஒரு தூரம் கடந்து வந்திருக்கிறது. ஆனாலும் பார்த்தவுடன் கட்டிப்பிடிக்கவில்லையே! சோதிக்கிறான், சிமியோனைப் பிடித்து வைக்கிறான், பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கிறான். தம்பியை விற்கலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்ன அதே யூதா, இந்தத் தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் யோசேப்பு அழுதுகொண்டு தன்னை வெளிப்படுத்துகிறான். மன்னிப்பைக் கொடுத்துவிடலாம். நம்பிக்கையை எதிராளி சம்பாதிக்க வேண்டும். உங்கள் அண்ணன் யூதாவின் அந்த வார்த்தையை இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் அக்காவைப் பறிகொடுத்த கோரி டென் பூம், 1947-இல் மியூனிக் நகரில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அதே முகாமின் பழைய காவலன் ஒருவன் வந்து கையை நீட்டினான். அவருக்குக் கை எழவில்லை. உள்ளே அன்பு ஒரு துளியும் இல்லை. உதவி செய்யும் என்று ஜெபித்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினார், உணர்வு பின்னால் வந்தது. அவரே சொன்னது இது. அண்ணனைப் பார்த்தால் நலம் விசாரியுங்கள், அவர் பிள்ளைகளுக்கு நல்லது நடந்தால் போய் நில்லுங்கள். அது கையை நீட்டுவது. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது வேறு.

இதோடு ஒன்று. வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் இருவர் இந்த மாதம் எழுதியிருக்கிறார்கள். "ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும், அதனால் பொறுத்துக்கொள்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தங்கச்சிகளே, மன்னிப்பதற்கு அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினான். பத்திரமான இடத்துக்குப் போங்கள், காவல்துறையிடம் சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றி அங்கே போய் யோசிக்கலாம்.

"வருஷத்துக்குள் வேதாகமத்தை முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஜனவரியும் ஆரம்பிக்கிறேன். லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்." (பிளஸ் டூ மாணவி)

நானும் அங்கேதான் நிற்பேன். 1189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூன்றேகால். பரீட்சைக்குப் படிப்பதுபோல ஓடினால் எதுவும் ஒட்டாது. மாற்குவை எடுத்துக்கொள், பதினாறே அதிகாரம். ஒரு நாளைக்கு ஒன்று, சத்தமாக. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சுற்றில், முன்னால் கண்ணில் படாதது படும். இது என் தொழில் அனுபவம். லேவியராகமம் எங்கேயும் போய்விடாது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வசனம் அதன் 19-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் அதைத் தேடிக்கொண்டாவது போவாய்.

"பக்கத்து வீட்டு அம்மா கிறிஸ்தவர் இல்லை. என்னைவிடப் பொறுமைசாலி, என்னைவிட உதவி செய்கிறவர். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?"

வெட்கப்பட்டு முடித்த பிறகு அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இஸ்ரவேலில் காணாத விசுவாசத்தை ஒரு ரோம நூற்றுக்கதிபதியிடம் கண்டு இயேசுவே ஆச்சரியப்பட்டார். அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டியவன் சமாரியன். அந்த அம்மாவுக்கு உங்கள் விசுவாசத்தைச் சொல்லும் நாள் வரலாம். அதற்கு முன்னால், "உங்களால் எப்படி இவ்வளவு பொறுமையாக இருக்க முடிகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எனக்கும் வேண்டும்.

"27 வயது மகன் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டான். தினமும் காலையில் போனில் ஒரு வசனம் அனுப்புகிறேன். பார்த்ததற்கு அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை."

அம்மா, ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். வசனத்துக்குப் பதிலாக "சாப்பிட்டாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது" என்று கேளுங்கள். பிற்காலத்தில் பெரிய இறையியலாளராகப் பெயர்பெற்ற அகஸ்டினுடைய தாய் மோனிக்கா, மகனோடு பேசித் திருத்தும்படி ஒரு பேராயரைக் கெஞ்சினார். அவர் மறுத்துவிட்டார். அவனை விட்டுவிடு, அவனுக்காகக் கர்த்தரிடம் ஜெபம் மட்டும் செய் என்றார். மோனிக்கா விடாமல் அழுது நச்சரிக்கவும் பேராயர் பொறுமையிழந்து, "போ, இத்தனை கண்ணீரின் மகன் கெட்டுப்போக முடியாது" என்று அனுப்பிவிட்டார். இது அகஸ்டினே எழுதிவைத்தது. கிபி 387-இல் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றபோது வயது 32. உங்கள் மகனுக்கும் அந்த வயதில் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பேராயரே பொறுமையிழந்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் பதில் சொல்கிறீர்களே அக்கா, நீங்கள் வளர்ந்திருக்கிறீர்களா?" (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

நல்ல கேள்வி, கொஞ்சம் குசும்பும் இருக்கிறது. நான் எழுதியதை நானே புரூஃப் பார்க்க முடியாது. அச்சகத்தில் இது முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். எழுதியவரின் கண், இருக்க வேண்டியதைத்தான் படிக்கும், இருப்பதைப் படிக்காது. அதனால் உங்கள் கடிதத்தை மகளிடம் கொடுத்து, நீயே பதில் சொல் என்றேன். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். "முன்னெல்லாம் நீங்க திட்டிட்டு மன்னிப்புக் கேட்க மூணு நாள் ஆகும். இப்ப சாயங்காலத்துக்குள்ள வந்துடறீங்க. திட்டுறது குறைஞ்ச மாதிரி தெரியலை."

மருமகனிடம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம்.